ஊர் கேட்டவர்கள்

நாமக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களில் கடலைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகச் சிலராகவே இருந்த காலத்திலும், கடல் கடந்து போன ஒருவரையாவது சொந்தம் கொண்டாடாத தெருவைக் காண்பது அரிதாக இருந்தது. கிழக்கே கொல்லிமலையும் தெற்கே காவிரியும் எல்லையாக அமைந்த அந்த மேட்டுப் பிரதேசத்தில் கம்பும் சோளமும் நிலக்கடலையும் ஆமணக்கும் வானத்தை நம்பி விளைந்தன. வானம் இரண்டு வருஷம் தொடர்ந்து பொய்த்துவிட்டால், மூன்றாம் வருஷம் யாராவது ஒருவருடைய வீட்டுத் திண்ணையில், சரிகைத் தலைப்பாகையும் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியுமாகக் தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணி வந்து உட்கார்ந்திருப்பான் என்று என் அப்புச்சி சொல்லுவார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்கும் மனிதர்களை அனுப்பிக் கொடுத்த ஜில்லாக்களில், திருச்சிராப்பள்ளியோடும் தஞ்சாவூரோடும் சேலமும் முன்வரிசையில் நின்றது. சென்னைப் பட்டணம் எந்தத் திக்கில் இருக்கிறது என்று கேட்டால் விழிக்கக்கூடிய கிழவிகள், கண்டி, ஹட்டன், பினாங்கு, ஈப்போ என்னும் பெயர்களைத் தடங்கலின்றி உச்சரித்தார்கள். இந்திய சர்க்கார் 1938-ஆம் வருஷத்தில், தோட்டக் கூலி வேலைக்காக மலாயாவுக்கு ஆள் சேர்த்து அனுப்புவதைத் தடை செய்த பிறகு கங்காணிகள் வருவது நின்றது. போனவர்களுடைய கடிதங்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. ஜப்பானியர் அந்த நாட்டை ஆண்ட மூன்றரை வருஷம் அதுவும் நின்று, யுத்தம் முடிந்ததும் மறுபடி தொடங்கியது.

அப்படி வந்த கடிதம் ஒன்றுதான் என்னைக் கிளப்பியது. என் தாய்மாமன் பேராக் சமஸ்தானத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, உத்தியோகம் பார்த்து வந்தார். 1950 ஜூன் மாதம் கொரியாவில் சண்டை மூண்டதும், மோட்டார் டயருக்கும் ராணுவச் சாமான்களுக்கும் ரப்பர் வேண்டுமென்று உலகத்து வல்லரசுகளெல்லாம் போட்டி போட்டு வாங்கத் தொடங்க, அதன் விலை நினைத்துப் பார்க்க முடியாத உயரத்துக்கு ஏறிற்று. எங்கோ பனி மூடிய மலைகளில் சீனரும் அமெரிக்கரும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டதன் பலனாக, மோகனூருக்கு வடக்கே கம்பங்காட்டு வரப்பில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பையனுக்கு உத்தியோகம் பிறந்தது என்பது, இன்று நினைத்தாலும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ‘தோட்டத்தில் கணக்கு எழுத ஆள் போதவில்லை, பெரிய துரையிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பாஸ்போர்ட்டு எடுத்துக்கொண்டு உடனே புறப்பட்டு வரவும்’ என்று மாமா எழுதியிருந்தார். நம் பக்கத்தில் அப்போது சில வருஷங்களாக மழை சரியாக இல்லை, அரிசிக்கு ரேஷன், கிணறுகளில் கவலை இறைக்கும் மாடுகள் வெறும் சேற்றை இறைத்துக்கொண்டிருந்தன. ஆகையால் வீட்டில் எவரும் என்னைத் தடுக்கவில்லை. எனக்கும் தடுக்கப்பட வேண்டுமென்ற ஆசை இல்லை. உள்ளதைச் சொன்னால், மாமாவின் கடிதத்தில் என்னைக் கவர்ந்தது சம்பளமன்று. அந்தத் தோட்டத்தின் மேலைக் காட்டில் யானை வருவதுண்டு என்று கடைசியில் எழுதியிருந்த ஒரு வரிதான்.

பாஸ்போர்ட்டுக்காக ஒரு போலீஸ்காரர் ஊருக்கு வந்து, நான் எவருடைய மகன், என் மேல் வழக்கு வியாஜ்யம் ஏதேனும் உண்டா என்று விசாரித்து, மோர் குடித்துவிட்டுப் போனார். அவர் போன சில நாட்களுக்கெல்லாம் ஜனக்கணக்கு எடுப்பவர் வந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஜனக்கணக்கு அந்த 1951 பிப்ரவரியில்தான் நடந்துகொண்டிருந்தது. அவர் எங்கள் வீட்டுத் தலைகளை எண்ணி, என் பெயரையும் பிறந்த இடத்தையும் எழுதிக்கொண்டார். அவர் மை உலர்வதற்குள் நான் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டேன். ஆகவே அந்தக் கணக்கின்படி நான் அப்போது எங்கள் கிராமத்தில்தான் இருந்தேன்.

அம்மாயி எனக்காகப் பொரிவிளங்காய் உருண்டை பிடித்துக் கொடுத்தாள். பயறும் அரிசியும் வறுத்து இடித்து, வெல்லப்பாகில் சுக்கும் ஏலமும் சேர்த்துப் பிடித்த அந்த உருண்டை மாதக்கணக்கில் கெடாது. கெடாது என்பதோடு எளிதில் கடிபடவும் கடிபடாது. கல்லில் தட்டி உடைத்துத்தான் தின்ன வேண்டும். ஒரு தகரப் பெட்டி, பவானி ஜமக்காளத்தில் சுருட்டிய படுக்கை, உருண்டைகள் நிறைந்த பித்தளைத் தூக்கு ஆகிய இவைதான் என் சாமான்கள்.

அக்காலத்தில் நாமக்கல்லுக்கு ரயில் கிடையாது. ரயிலேற வேண்டுமானால் வடக்கே சேலத்துக்குப் போக வேண்டும். அல்லது காவிரியைத் தாண்டிக் கரூருக்குப் போக வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பலேறுகிறவனுக்கு இரண்டாவது வழியே சுருக்கம் என்பதால், விடியலுக்கு முன்பே வண்டி கட்டிக்கொண்டு மோகனூர்த் துறைக்கு வந்து சேர்ந்தோம். மோகனூர் சின்ன ஊர்தான். ஆனால் அப்போது அதற்குப் பெருமை அதிகம். அங்கே பிறந்த ராமலிங்கம் பிள்ளை, நாமக்கல் கவிஞர் என்ற பெயரோடு, சென்னை சர்க்காரின் ஆஸ்தான கவியாக நியமிக்கப்பட்டு இரண்டு வருஷங்கூட நிறைந்திருக்கவில்லை. மேட்டூர் அணையை அடைத்துவிட்ட மாசி மாதமாகையால் ஆறு பாதிக்கு மேல் மணலாகக் கிடந்தது. மணலில் வெகுதூரம் நடந்து, பிறகு நடுவாற்றின் ஆழத்தை மட்டும் பரிசலில் கடக்க வேண்டும். பரிசல் தள்ளுகிற கிழவர் என் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டே, “யாரு ஊட்டுப் பையன் கண்ணு நீ?” என்று கேட்டார். அப்பா பெயரைச் சொன்னேன். போதவில்லை, அப்புச்சி பெயரைச் சொன்னதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் வீட்டு வடக்கு வாசலில் உள்ள வேப்பமரத்தைக்கூட அவர் அறிந்திருந்தார். “சீமைக்குப் போறியாக்கும். போயிட்டு வா சாமி, தண்ணியில போறப்போ மட்டும் எந்திரிச்சு நிக்காதே” என்று புத்தி சொன்னார். பரிசலுக்குச் சொன்ன அந்த விதி கப்பலுக்கும் எவ்வளவு பொருத்தம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அக்கரையில் வாங்கல். அங்கிருந்து மாட்டு வண்டியில் கரூர் ரயிலடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, டிக்கட்டுக்காக என் பக்கத்தில் நின்ற ஒருவர், “தம்பிக்கு எந்த ஊருங்க?” என்று கேட்டார். எங்கள் கிராமத்தின் பெயரைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தோன்றவில்லை. “மோகனூர்ப் பக்கம்” என்றேன். “அப்படிச் சொல்லுங்க” என்று திருப்தியடைந்தார். எங்கள் ஊர் வேறு, மோகனூர் வேறு. அங்கே எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல்கூட அதிகம் கிடையாது. இருந்தும் அந்த நிமிஷம் முதல் நான் மோகனூர்க்காரனானேன்.

ஈரோட்டிலிருந்து வந்த ரயில், காவிரியின் தென்கரையோடு ஒட்டிக்கொண்டு, வாழைத் தோட்டங்களுக்கும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் நடுவே குளித்தலை வழியாகத் திருச்சிராப்பள்ளியை நோக்கிச் சென்றது. இக்கரையில் இத்தனை பச்சையும், கண்ணுக்கு எட்டும் அக்கரையின் உள்நாட்டில் அத்தனை வறட்சியும் இருப்பதைக் கண்டு எனக்கு ஆற்றின் மீதே ஒரு கோபம் வந்தது. திருச்சியில் இறங்கி, அகலப் பாதை வண்டியிலிருந்து மீட்டர் பாதை வண்டிக்கு மாற வேண்டும். தென்னிந்திய ரயில்வே என்ற பழைய கம்பெனிப் பெயர் மறைந்து தெற்கு ரயில்வே பிறப்பதற்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. அது ஏப்ரல் 14-ஆம் தேதி நடந்ததாகப் பின்னர் மலாயாப் பத்திரிகையில் படித்தேன். பிளாட்பாரத்தில் இரவெல்லாம் பெட்டியின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தபோது, அங்கேயும் ஒரு தஞ்சாவூர்க்காரர் ஊரைக் கேட்டார். மோகனூர் என்றால் அவருக்குத் தெரியவில்லை. நாமக்கல் என்றேன். “ஓ, ஆஞ்சநேயர் இருக்காரே, அதுதானே? மேலே கூரையே இல்லாமே நிக்கிறாராமே!” என்று கைகூப்பினார். நான் பிறந்த ஊர் இவ்விதமாக ஒரு நாளைக்குள் மைல் கணக்கில் வடக்கே நகர்ந்துகொண்டிருப்பதை அப்போதுதான் நான் கவனித்தேன்.

நாகப்பட்டினத்தைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தப் பிரயாணத்தில் எங்களைச் சோதித்தது கடலன்று, காத்திருத்தல்தான். சென்னையிலிருந்து வரும் கப்பல் இன்ன தேதியில் வரும் என்று சொல்லப்பட்டிருந்ததே தவிர, அந்தத் தேதி தினந்தோறும் ஒரு நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கப்பல் பிரயாணிகளுக்கென்று ஏற்பட்ட விடுதிகளில், ஒரு கூடத்துக்கு முப்பது நாற்பது பேராகப் பாய் விரித்துக் கிடந்தோம். அம்மைப்பால் குத்திக்கொண்டதற்கு ஒரு சீட்டு, காலராவுக்கு ஊசி போட்டுக்கொண்டதற்கு ஒரு சீட்டு, குடிபெயர்வு அதிகாரியின் முத்திரை, சுங்கத்தாரின் சோதனை, கையில் கொண்டுபோகும் பணத்தைப் பற்றிய விசாரணை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஒரு மேஜை, அந்த மேஜைக்குப் பின்னால் பெயர், தகப்பன் பெயர், ஊர் என்று கேட்கிற ஒருவர். இந்த வரிசைகளில் நிற்காமலே காரியத்தை முடித்துத் தருவதாகச் சொன்ன ஒரு தரகர், என்னிடம் ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு, எனக்கு முன்னால் தாமே வரிசையில் நின்றார். அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதைக் கண்டு எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் வந்தது.

அந்த மேஜைகளுக்குத் தாலுகாவெல்லாம் போதாது, ஜில்லா வேண்டும். “சேலம்” என்றேன். எங்கள் வரிசையில் சேலம் என்று சொன்னவர்கள் அடுத்தடுத்து நாலைந்து பேர் நின்றோம். ஒருவர் ஆத்தூர், ஒருவர் ராசிபுரம், ஒருவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டி வைத்திருந்த வியாபாரி. ஆத்தூர்க்காரர் விருத்தாசலம் வழியாகச் சின்ன ரயிலில் வந்தவர். ராசிபுரத்தார் சேலம் ஜங்ஷன் வழியாக வந்தவர். ஊரில் இருந்திருந்தால் ஒருவரை ஒருவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். கொல்லிமலைக்கு மேற்கே இருப்பவனும் வடக்கே இருப்பவனும் சந்தையில் சந்தித்தால் பேசுவது மாட்டு விலை மட்டுமே. அந்தக் கூடத்தில் நாங்கள் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, ‘சேலத்து மூலை’ என்று மற்றவர் அழைக்கும்படி ஒரு குடும்பமாகிவிட்டோம். செவ்வாய்ப்பேட்டையார் சுவாரஸ்யமாகப் பேசுவார். “யுத்தத்துக்கு முன்னே பாயசத்துக்குப் போடற ஜவ்வரிசி மலாயாவிலேருந்துதான் வந்துச்சு தம்பி. ஜப்பான்காரன் கப்பலை நிறுத்தினான், நம்ம ஊருல மரவள்ளிக் கிழங்கை அரைச்சு நாங்களே ஜவ்வரிசி பண்ணிட்டோம்” என்றார். அவர் சொன்னது உண்மையே. 1943 வாக்கில் சேலத்தில் தொடங்கிய அந்தத் தொழில், பிற்காலத்தில் ஜில்லாவின் முகத்தையே மாற்றிவிட்டது.

காத்திருந்த நாட்களில் ஒரு நாள் மாலை, எல்லோரும் நாகூருக்குப் போனோம். கப்பலேறுகிறவர்கள் எந்த மதத்தினராயினும் நாகூர் ஆண்டவர் சந்நிதியில் சர்க்கரை வைத்து வேண்டிக்கொண்டு போவது அங்கே தொன்றுதொட்டு வந்த வழக்கம். கடலோடிகளுக்குக் காவலர் என்று அவரைக் கருதினார்கள். அதே நாகூர் ஆண்டவர் பெயரால் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம்கள் நினைவு தர்காக்கள் எழுப்பி, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. இன்னொரு நாள், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் கடற்கரையில் எங்களோடு உட்கார்ந்து, கடாரத்து அரசன் இந்த ஊரில் சூடாமணி விகாரம் என்ற புத்த விகாரத்தைக் கட்டினான் என்றும், அதற்கு முதல் ராஜராஜன் ஆனைமங்கலம் என்னும் கிராமத்தைத் தானம் செய்தான் என்றும், அந்தத் தானத்தைச் சொல்லும் செப்பேடுகள் இன்று ஹாலந்து தேசத்து லெய்டன் நகரத்தில் இருக்கின்றன என்றும் சொன்னார். மிஞ்சி நின்ற பழைய கோபுரம் ஒன்றை 1867-இல் இடித்துவிட்டார்களாம். ராஜராஜனின் மகன் ராஜேந்திரன், அதே கடாரத்தின் மீது 1025-ஆம் ஆண்டில் கப்பற்படை கொண்டு போய் வென்றான். தகப்பன் தானம் கொடுத்த இடத்துக்கு மகன் படை கொண்டு போனது ஏன் என்று ஆத்தூர்க்காரர் கேட்டார். பெரியவர், “வியாபாரம்” என்ற ஒரே சொல்லில் பதில் சொல்லி எழுந்துவிட்டார். பல பக்கங்கள் எழுதும் சரித்திராசிரியர்களும் இதற்கு மேல் அதிகமாக எனக்கு எதையும் விளக்கியதில்லை.

ஒரு நாள் அதிகாலையில், கடலில் வெகுதூரத்தில், கறுத்த புகைபோக்கியோடு எங்கள் கப்பலாகிய ரஜுலா நின்றுகொண்டிருந்தது. நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையை நெருங்க முடியாது; ஆழமில்லாத திறந்த கடல். ஆகவே, ஆற்று முகத்துவாரத்திலிருந்து படகுகளில் ஏற்றி, அவற்றை நீராவிப் படகினால் இழுத்துக்கொண்டு போய்க் கப்பலின் பக்கத்தில் நிறுத்துவார்கள். அன்றுதான் நான் கடலின் மேல் முதன்முதலாகப் போனேன். கரையில் நின்று பார்த்தபோது அது ஆடிக் காற்றில் அலைகிற கம்பங்காட்டைப் போல எனக்குப் பழக்கமானதாகவே தோன்றியது. படகில் உட்கார்ந்ததும் அந்தப் பழக்கம் போன இடம் தெரியவில்லை. படகு கப்பலின் ஏணிக்கு நேராக ஒரு நொடி உயர்ந்து, மறு நொடி ஓர் ஆள் உயரம் தாழ்ந்தது. உயரும் நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும்; மாலுமி ஒருவன் கையைப் பிடித்து இழுப்பான். எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், குழந்தையை முதலில் மாலுமியின் கைக்குக் கொடுத்தாள். அவள் கால் வைக்கும் முன் படகு தாழ்ந்துவிட்டது. அடுத்த அலை அவளை மேலே தூக்கும் வரையில் குழந்தை கப்பலிலும் தாய் படகிலுமாக இருந்த அந்தச் சில விநாடிகளில் எங்களில் ஒருவரும் மூச்சு விட்டதாக எனக்கு ஞாபகமில்லை. பிறகு அவள் ஏறிவிட்டாள். குழந்தை அழவே இல்லை.

ரஜுலா 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் கட்டப்பட்ட கப்பல். கட்டிய காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது என்று சொன்னால், எங்கள் தாலுகாவின் பல கிராமங்களை அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிடலாம் என்று பொருள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற பாதையில் அது எத்தனையோ ஆயிரம் தமிழர்களைக் கொண்டு போயும் கொண்டு வந்தும், கடைசியில் 1974-இல் உடைக்கப்பட்டது. அதனோடு கூடப் பிறந்த கப்பலாகிய ரோனா, 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய விமானங்களால் தாக்கப்பட்டு, ஆயிரத்துக்கும் அதிகமான அமெரிக்கச் சிப்பாய்களோடு மூழ்கியது. இந்தக் கதையை ஒரு கலாசி முதல் இரவிலேயே எங்களுக்குச் சொன்னான். அதைச் சொல்ல அவன் வேறு நேரம் பார்த்திருக்கலாம்.

டெக்கில் அவரவர் பாயும் ஜமக்காளமும் விரித்த இடந்தான் அவரவர் வீடு. தலைமாட்டில் தகரப் பெட்டி. இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரு புடைவை திரையாகத் தொங்கும். வெங்காய மூட்டைகளின் நெடியும் இயந்திர எண்ணெயின் நெடியும் ஒன்றாகக் கலந்து வரும். மணி அடித்தால் சோறு. வேளைக்குச் சோறு உண்டென்றாலும் அதை உள்ளே இருத்தி வைப்பதுதான் பிரயாசை. முதல் இரண்டு நாள் நான் எழுந்து நிற்கவே இல்லை. பரிசல்காரரின் விதி ஞாபகம் வந்தது. ஆனால் உட்கார்ந்திருந்தாலும் அதே கதிதான். ராசிபுரத்தாரின் மனைவி உப்பு நார்த்தங்காய் ஊறுகாயை ஒரு துண்டு கிள்ளி என் நாக்கில் வைத்து, “முழுங்காதீங்க தம்பி, சப்பிக்கிட்டே இருங்க” என்றாள். மூன்றாம் நாள் பொரிவிளங்காய் உருண்டையை இரும்புத் தூணில் தட்டி உடைத்து நானே எல்லோருக்கும் பங்கு போட்டேன். மேல்தட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் குழந்தை எட்டிப் பார்த்தது. அதற்கும் ஒரு துண்டு போயிற்று. அது கடித்ததா என்பது தெரியவில்லை.

கப்பலில் சேலம் என்ற பெயரும் சிறுத்துவிட்டது. எங்களைச் சுற்றி ராமநாதபுரத்தார், தஞ்சாவூரார், வட ஆற்காட்டார், மலையாளிகள், பஞ்சாபிகள், தெலுங்கர். ஊர் கேட்டவர்களுக்கெல்லாம் ‘தமிழ்நாடு’ என்று சொன்னால் போதும். அதற்கு முன்னால் நான் தமிழன் என்று எவரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் நேர்ந்ததில்லை. மலாயாவிலேயே பிறந்து, ஊரில் கல்யாணம் செய்துகொண்டு திரும்பிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் மட்டும் எங்களைப் பார்த்து, “நாட்டுக்காரங்க” என்று சொன்னான். அவன் அப்படிச் சொன்ன தொனியில் மரியாதையும் இருந்தது. மெலிதாக ஓர் இரக்கமும் இருந்தது. எதற்காக இரங்குகிறான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒரு நாள் காலையில், தெற்கே சுமத்ராவின் வடமுனை மலைகள் நீலமாகத் தெரிந்தன. அதன் பிறகு கடல் குளம் போல் அடங்கிவிட்டது. எல்லோருக்கும் பசி எடுத்தது.

பினாங்கு தெரிந்தபோது, எதிர்க்கரையில் கெடா மலையும் தெரிந்தது. நாகப்பட்டினத்துப் பெரியவர் சொன்ன கடாரம் அதன் அடிவாரந்தான் என்று செவ்வாய்ப்பேட்டையார் காட்டினார். ராஜேந்திர சோழனின் படை அங்கே இறங்கியிருக்கலாம். எங்களை இறங்க விடவில்லை. டெக்கில் ஒரு குழந்தைக்கு உடம்பில் கொப்புளம் கண்டிருந்ததால், அது பெரியம்மையாக இருக்குமோ என்ற சந்தேகத்தின் பேரில், டெக் பிரயாணிகளையெல்லாம் ஜெரெஜாக் தீவுக்குக் கொண்டு போனார்கள். பினாங்குக்கு அருகிலேயே உள்ள அந்தச் சின்னத் தீவு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே குஷ்டரோகிகளையும் குவாரண்டைன்காரர்களையும் ஒதுக்கி வைப்பதற்காக ஏற்பட்டது. துணிகளையெல்லாம் வாங்கி நீராவியில் அவித்துக் கொடுத்தார்கள். என் ஜமக்காளத்தின் சிவப்பு, வெள்ளை வேஷ்டியில் ஏறி, மலாயாவில் நான் கால் வைக்கும்போது காவி கட்டிய சாமியாராகத் தோன்றினேன். மருந்து வாசனையடிக்கும் நீரில் எங்களைக் குளிக்க வைத்தார்கள். தினமும் காலையில் ஒரு டாக்டர் வந்து வரிசையாக நிறுத்தி, நாக்கையும் கையையும் பார்ப்பார். எதிரே பினாங்கு நகரத்தின் விளக்குகள் இரவெல்லாம் கண் சிமிட்டும். நடுவே ஒரு சிறு வாய்க்கால் அகலமே கடல் என்று தோன்றும். இவ்வளவு தூரம் வந்துவிட்டு, கண்ணுக்கு நேரே இருக்கும் ஊருக்குள் போக முடியாமல் கிடந்த நாட்களை விட நீண்ட நாட்களை நான் அனுபவித்ததில்லை. கடைசியில் அது சின்னம்மை என்று தெரிந்து எங்களை விட்டார்கள். அங்கே ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்த அதிகாரி, என்னை நிமிர்ந்து பாராமலே ‘இந்தியன்’ என்று எழுதிக்கொண்டார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் விரைவாக நடந்தது. பினாங்கிலிருந்து படகில் பிறை ஸ்டேஷன். அங்கிருந்து தெற்கே ரயில். அப்போது மலாயாவில் அவசரகால நிலைமை. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றதிலிருந்து ஆரம்பித்த அந்த நிலைமை, 1960 வரைக்கும் நீடித்தது. என் மாமாவின் தோட்டம் அந்த வட்டாரத்திலேதான் இருந்தது. இதைப் பற்றி அவர் கடிதத்தில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. யானையை மட்டும் எழுதியிருந்தார். எங்கள் ரயிலுக்கு முன்னால், தண்டவாளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வண்டி போயிற்று. ஸ்டேஷன்களில் மணல் மூட்டைகள். துப்பாக்கியோடு மலாய்ப் போலீஸ்காரர்கள். தைப்பிங் தாண்டியதும் காடு இருபுறமும் ரயிலை உரசிக்கொண்டு வந்தது. சுங்கை சிப்புட்டில் மாமா முள்வேலி போட்ட லாரி ஒன்றோடு வந்து காத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “என்னடா மாப்பிள்ளை, காவி கட்டிட்டு வந்துட்டே!” என்று சிரித்தார், உடனே போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், அடையாளக் கார்டுக்குப் பெருவிரல் ரேகை வைக்கச் செய்தார். கார்டு இல்லாமல் அங்கே நூறு கெஜம் நடக்க முடியாது.

தோட்டத்தில் சேர்ந்த முதல் மாலையில் நான் கண்டு திகைத்தது முள்வேலியன்று, கள்ளுக்கடை. 1937 அக்டோபரில் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டு வந்தது எங்கள் சேலம் ஜில்லாவில்தான். கள்ளுப் பானையை ஒளிந்து பார்த்த அனுபவங்கூட எனக்குக் கிடையாது. இங்கே தோட்டத்தின் அனுமதியோடேயே அது திறந்திருந்தது. எல்லோரும் மாலையில் கூடிப் பேசிய பொது இடமும் அதுவாகவே இருந்தது. எங்கள் ஜில்லாக்காரர்கள் பலர் அங்கே இருந்தார்கள் என்பதை இதோடு சேர்த்துச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

விடியலுக்கு முன்பே பெரட்டு, அதாவது ஆள் கூப்பிட்டுக் கணக்கெடுப்பது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், பால் வெட்டுகிறவர்கள் காண்டா வாளியும் கத்தியுமாக வந்து நிற்க, கங்காணிமார் பெயரைக் கூப்பிடக் கூப்பிட, நான் மாமாவின் பக்கத்தில் நின்று செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். சில நாட்கள் சென்றபின், எனக்கென்று தனியாக ஒரு வேலை கொடுத்தார். தோட்டத்துப் பழைய தொழிலாளர் பதிவுப் புத்தகம் கறையான் அரித்துப் போயிருந்தது. அதைப் புதிதாக எழுத வேண்டும். பெயர், தகப்பன் அல்லது புருஷன் பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா என்று பத்திகள். ஒவ்வொருவராக ஆபீஸ் வாசலுக்கு வரச் சொல்லி, இப்போது மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் ஊர் கேட்டேன். வயதானவர்கள் சிலர் கிராமத்தைச் சொன்னார்கள். அதில் எங்கள் பக்கத்துப் பெயர்கள் வந்தபோது பேனாவை வைத்துவிட்டு ஒரு நாழிகை பேசினேன். பிறகு ஒரு கிழவி வந்தாள். பேச்செல்லாம் எங்கள் ராசிபுரத்துப் பேச்சு. இழுத்துப் பேசுகிற விதங்கூட மாறவில்லை. உற்சாகமாக, “எந்த ஊருங்க ஆத்தா?” என்று கேட்டேன்.

“இந்த ஊருதான் சாமி. மூணாம் நம்பர் லயத்துல பொறந்தேன். எங்கம்மாதான் கப்பல்ல வந்தது.”

“நாட்டில் எந்த ஊர்?”

“எனக்கு எப்படித் தெரியும்? மூணாம் நம்பருன்னே எழுதிக்குங்க.”

அதற்கு அந்தப் புத்தகத்தில் இடம் இருக்கவில்லை. மாமாவைக் கேட்டேன். அவர் அரித்துப்போன பழைய புத்தகத்தைப் புரட்டி, அவளுடைய தாயின் பெயருக்கு நேரே ராசிபுரம் தாலுகா, சேலம் ஜில்லா என்று இருந்ததைக் காட்டி, அதையே எடுத்து எழுதச் சொன்னார். எழுதினேன். அவளுக்குப் பின்னால் வந்த மகனுக்கும் பேரன்மாருக்கும் அப்படியே எழுதினேன். மாலையில் புத்தகத்தை மூடும்போது, ராசிபுரத்தைக் கனவிலும் பாராத எத்தனையோ பேரை நான் ராசிபுரத்தாராக்கி முடித்திருந்தேன்.